போர்வெல் மணலும் சொட்டுநீரும்: நாலு வருஷ ஹைட்ரோசைக்ளோன் அனுபவம்

நமக்கு ராயக்கோட்டை பக்கம் ரெண்டு ஏக்கரா தக்காளிங்க. போர்ல மணல் வரும், வெறும் டிஸ்க் பில்டர (வட்டத் தட்டுகள அடுக்கின வடிகட்டி) வச்சு ஓட்டுனப்ப தினமும் கழட்டிக் கழுவியே கை ஓஞ்சு போச்சு, அதனால அதுக்கு முன்னாடி தண்ணிலருந்து மணலப் பிரிக்கிற ஹைட்ரோசைக்ளோன் ஒண்ணு மாட்டினேன்.

இதுல வலை எதுவும் கிடையாது. தண்ணி பக்கவாட்டுல நுழைஞ்சு கூம்புக்குள்ள வேகமா சுத்தும், கனமான மணல் சுவரோரமா ஒதுங்கி அடி டப்பால இறங்கிடும், தெளிஞ்ச தண்ணி நடுவுல ஏறி வெளிய போயிடும், அவ்ளோதான். ஆனா அந்தச் சுத்து வேணும்னா போர் குடுக்கிற தண்ணிக்கு ஏத்த சைஸ் இருக்கணும். பெருசா இருந்தா நல்லதுன்னு கடைல மொதல்ல 3 இஞ்ச் குடுத்துட்டாங்க, முன்னாடி பின்னாடி ரெண்டு பிரஷர் கேஜும் ஒரே அளவு காட்டுச்சு, நானும் பிரஷர் குறையலன்னு சந்தோஷப்பட்டேன், ஆனா உள்ள தண்ணி வேகமா சுத்தலைன்னுதான் அதுக்கு அர்த்தம், மணல் பாட்டுக்கு டிஸ்க்குக்குப் போய்ட்டே இருந்துச்சு. 2 இஞ்ச்சுக்கு மாத்துனதும் பிரஷர் அரை கிலோ கிட்ட குறைஞ்சுது. அன்னிக்கு சாயங்காலம் அடி வால்வ திறந்தா ரவை மாதிரி சாம்பக்கலர் மணல் அரை பாண்டு கொட்டுச்சு.

அடி டப்பா ரொம்புற வரைக்கும் விடவே கூடாதுங்க, ரொம்பிட்டா மணல் மறுபடி தண்ணியோட ஏறிடும். கோடைல நான் தினமும் திறந்து விடுறேன், டிஸ்க்க வாரம் ஒரு தடவ கழுவினா போதும்.

ரெண்டாவது வருஷம் மேட்டுப்பக்கம் ஒரு வரிசை முழுக்க டிரிப்பர் (தண்ணி சொட்டுற முனை) அடைச்சுப் போச்சு. ஹைட்ரோசைக்ளோன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஒரு டிரிப்பர அறுத்துப் பாத்தா உள்ள செம்மண் சேறு! நம்ம போர் மணல் சாம்பக்கலர், அப்ப இது வயல்லருந்துதானே ஏறியிருக்கணும்? மேட்டுல இருந்த ஏர் வால்வு ஒழுகுதுன்னு நானே மூடி போட்டு அடைச்சிருந்தேன். மோட்டார் நின்னதும் குழாய்த் தண்ணி பள்ளத்துக்கு ஓடும், காத்து உள்ள வர வழியில்லன்னா டிரிப்பர் ஓட்டை வழியா சேத்த உறிஞ்சிக்கும். புது வால்வு போட்டேன், இப்ப மோட்டார் நின்னா உஸ்ஸுன்னு காத்து இழுக்கிற சத்தம் வரப்புல நின்னாலே கேக்குது, அதுக்கப்புறம் அந்த வரிசைல அடைப்பே இல்ல.

பாசி, தூசி மாதிரி லேசானது இதுல நிக்காது, அதுக்கு டிஸ்க் வேணும். உப்பும் போகாது, டிரிப்பர்ல வெள்ளையா படியறதுக்குத் தனியா ஆசிட் விடத்தான் வேணும். தர்மபுரி மச்சான் அவங்க ஊர் தண்ணில இருக்கிற ஃபுளோரைட எடுக்குமான்னு கேட்டாரு, தண்ணில கரைஞ்சது எதையும் இது எடுக்காது மச்சான், குடிக்க ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் தண்ணியவே புடிங்கன்னு சொன்னேன்.