ஒன்பது ஆண்டுகளாக ஓடும் மாமாவின் ரயில்

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்து அம்மா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. பீரோ, கட்டில், அரிசி டிரம் எல்லாம் போயின. பரணில் கிடந்த தகரப் பெட்டி மட்டும் தப்பியது. சேற்றை வாரிக் கொட்டி முடித்து அதை இறக்கித் திறந்தால், பழைய வேட்டித் துணிக்குள் என் பொம்மை ரயில்! ஜின்டி என்ற சிறிய ஆங்கிலேய நீராவி எஞ்சினின் கறுப்பு நிற மாதிரி, நான்கு சரக்குப் பெட்டிகள், ஒரு கூடைத் தண்டவாளம். கப்பலில் வேலை பார்த்த மாமா 1970இல் லண்டனிலிருந்து வாங்கி வந்த, ட்ரை-ஆங் ஹார்ன்பி என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் மின்சார ரயில் செட். பெட்டிகளில் இரண்டு மட்டும் பின்னாளில் மூர் மார்க்கெட்டில் அப்பா பேரம் பேசி வாங்கியவை.

அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரயில் வந்த அன்றே ஸ்கேலை வைத்துத் தண்டவாள இடைவெளியை அளந்தார்: 16.5 மி.மீ. "நம்ம அகலப்பாதை 1676 மி.மீ. கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு" என்று சொல்லி மகிழ்ந்தார். ஆனால் எஞ்சினோ 76இல் ஒரு பங்கு அளவில் செய்தது. இங்கிலாந்தின் 1435 மி.மீ. பாதையை அந்த அளவில் குறைத்தால் 19 மி.மீட்டருக்குச் சற்றே குறைவாக வர வேண்டும். இந்த வகை எஞ்சின்கள் தண்டவாளத்தின்மேல் கொஞ்சம் பருத்துத் தெரிவது இதனால்தான்.

2016 பொங்கல் விடுமுறையில் பழுதுபார்க்க உட்கார்ந்தேன். பழைய மின்மாற்றியைச் சுவரில் செருகவே இல்லை. ஐம்பது வயதான ஒயர் உறையை நம்பக் கூடாது. ரிச்சி தெருவில் 12 வோல்ட் டி.சி. அடாப்டரும் வேகம் கூட்டிக் குறைக்கும் சிறு பலகையும் வாங்கினேன். எஞ்சின் உறுமியது, நகரவில்லை. கழற்றிப் பார்த்தால் பல்சக்கரங்களில் மஞ்சள் நிறத்தில் கோந்துபோல ஏதோ இறுகியிருந்தது. சிறுவயதில் நானும் தங்கையும் விட்ட தேங்காய் எண்ணெய்! மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்த பிறகே அது இளகியது. இப்போது தையல் எந்திர எண்ணெய்தான், ஊசி முனையில் ஒரு சொட்டு.

பெரிய தவறு அடுத்து நடந்தது. இதில் இருப்பது எக்ஸ்-04 என்ற வகை மோட்டார். அதன் காந்தக் கட்டியைத் தனியே எடுத்து வைக்கும்போது இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காந்தம் வலுவிழக்கும். எனக்கு அது தெரியாது. மோட்டாருக்குள் சுழலும் கம்பிச் சுருளான ஆர்மேச்சரை உருவிவிட்டு, காந்தத்தை ஒரு வாரம் மேசையில் வெறுமனே போட்டு வைத்தேன். திரும்பப் பூட்டியபோது மோட்டார் ஒரு ஆம்பியர் வரை இழுத்தது. ஐந்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு. பழைய காந்தத்துக்குப் பதில் சிறிய நியோடிமியம் காந்தங்களைப் பொருத்திய பின் மின்னோட்டம் பாதிக்கும் கீழே இறங்கியது. சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷை அழுத்தும் கம்பி வில்லின் ஒரு கையில் மட்டும் மெல்லிய குழாய் உறை இருக்கும். அது அலங்காரம் அல்ல. அதை மாட்ட மறந்தால் ஷார்ட்தான். அந்த பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் இடுக்குகளைச் சுத்தம் செய்ய ஈர்க்குச்சியை விஞ்சிய கருவி இல்லை.

சரக்குப் பெட்டி ஒன்றின் பக்கவாட்டில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். பூச்சி வராமலிருக்க அம்மா போட்டு வைத்த அந்துருண்டை அந்த பிளாஸ்டிக்கை இளக்கிவிட்டது. அதை நான் பூசி மறைக்கவில்லை. அம்மாவின் அக்கறை அதில் இருக்கிறது. எஞ்சினுக்கும் புதிய வண்ணம் அடிக்கவில்லை, அடிக்கவும் மாட்டேன்.

இனி ஓட்டிய அனுபவம். நான் இருப்பது திருவான்மியூர். கடற்காற்று வீட்டுக்குள் வரும். இந்த செட்டின் தண்டவாளம் எஃகு. ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நாள் ஓட்டாமல் விட்டால் போதும், காப்பிப் பொடி தூவியதுபோலத் துரு பூத்துவிடும். முதல் ஆண்டு உப்புத்தாளால் தேய்த்தேன். செய்யாதீர்கள். கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேர்கிறது. அதைவிட மோசம், எஃகுத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வதற்காக எஞ்சினின் அடியில் வைத்திருக்கும் காந்தம் அந்த இரும்புத் தூள் முழுவதையும் இழுத்துக்கொண்டது. தூள் மோட்டாருக்குள்ளும் போனது. இப்போது பென்சில் அழிப்பான், பிறகு எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். துருப்பிடிக்காத நிக்கல் சில்வர் தண்டவாளத்துக்கு மாறும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். அதில் காந்தம் ஒட்டாது, ஏற்றத்தில் எஞ்சின் வழுக்கும். அதனால் மாறவில்லை.

ஆறடிக்கு நான்கடி பிளைவுட் பலகையில் பாதை போட்டிருக்கிறேன். ஓடாத நாளில் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிடலாம். இணைப்புத் தகடுகள் தளர்ந்ததால் எதிர்மூலையில் ரயில் மூச்சு வாங்கியது. நான்கு இடங்களில் ஒயரை சால்டர் செய்ததும் சரியாகிவிட்டது. நண்பர் ஒருவரின் புதிய டிஜிட்டல் எஞ்சின் சத்தமே இல்லாமல் ஊர்ந்து செல்லும். என்னுடையது கரகரவென்று ஓடும், மெதுவாகப் போகச் சொன்னால் நின்றுவிடும். ஆனால் கோளாறு வந்தால் ஒரு திருப்புளியோடு நானே சரிசெய்துவிடுகிறேன்.

இந்த ஒன்பது ஆண்டுகளில் எஞ்சின் முரண்டு பிடித்தது மூன்று முறை. மூன்றும், நான் ஊரில் இல்லாமல் மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த பிறகுதான். அதனால் ஞாயிறுதோறும் மாலையில் அரை மணி நேரம் ஓட்டுகிறேன். கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்துவது பேத்தியின் வேலை. மோட்டார் சூடேறியதும் எண்ணெயும் கார்பன் பொறியும் கலந்த வாசனை எழும். "தாத்தா, ரயில் வாசனை வந்துடுச்சு" என்று அறிவிப்பாள். சிறுவயதில் அயனாவரத்து வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு நான் முகர்ந்த அதே வாசனை.

இதுவரை கார்பன் பிரஷ் இரண்டு ஜோடி தேய்ந்திருக்கிறது. இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்த மூன்றாவது ஜோடி, மாமாவின் பழைய மூக்குப்பொடி டப்பாவில் காத்திருக்கிறது.