“முழு சர்வீஸ்” பில்லோடு திரும்பி வந்த மார்லின் 60: கொஞ்சம் உஷார்

அமெரிக்காவில் பழைய .22 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிச் சுத்தம், புது ரீகாயில் ஸ்பிரிங், புது பஃபர் என்று மூன்று வரி பில்லோடு ஒரு ரிப்பேர் கடையிலிருந்து திரும்பி வந்த கிளென்ஃபீல்டு 60 ஒன்றைத் திறந்து பார்த்தோம். (கிளென்ஃபீல்டும் மார்லின் கம்பெனிதான், மலிவு விலைக்குப் போட்ட இன்னொரு பெயர்.) வெளியே பளபளப்பு. உள்ளே ஸ்பிரிங்கும் பழசு, பஃபரும் பழசு. பில்லில் இல்லாத சேதாரம் இரண்டு இலவசம்.

திறப்பதற்கு முன் டியூப் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் குழாய்) முழுக்க உருவிவிடுங்கள். குழல் வாயைக் கீழே சாய்த்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகம்) பல தடவை இழுத்து விட்டு, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பாருங்கள். டியூபிலும், தோட்டாவை மேலே தூக்கும் லிஃப்டரிலும் ஒரு தோட்டா ஒளிந்துகொண்டிருக்கும் சாத்தியம் இந்த மாடலில் எப்போதும் உண்டு. ஆக்‌ஷனை (சுடும் பாகங்களின் தொகுதியை) வெளியே எடுத்தபின் டிரிக்கரைச் சும்மா இழுக்காதீர்கள். சுத்தியல் மாதிரி அடிக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும்.

பஃபர் என்பது ரிசீவரின் (போல்ட் ஓடும் உடல்பகுதி) பின்கோடியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு. புதுசு வெளிறிய நிறத்தில் இருக்கும். வயசானது மஞ்சளாகிப் பழுப்பாகி, நகத்தால் அழுத்தினாலே பிஸ்கட் மாதிரி உதிரும். நாங்கள் பார்த்தது பாதி உதிர்ந்து, தூள் எண்ணெயோடு குழைந்து கிடந்தது. அது போனால் பின்னால் வரும் போல்ட்டின் அடி முழுவதும் அலுமினிய ரிசீவர் மேல் விழும். போல்ட்டை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைத் தட்டையான மேஜையில் உருட்டிப் பாருங்கள்: நேராக உருண்டால் சரி, நடுவில் மடங்கிய இடம் இருந்தால் தத்தித் தத்தி ஓடும். மடங்கியதை நிமிர்த்திப் போடுவது ரிப்பேர் ஆகாது, மாற்றியே ஆக வேண்டும். விலையும் அற்பம்.

சுத்தம் செய்த லட்சணம் தெரிய போல்ட்டை எடுங்கள்: சற்றுப் பின்னிழுத்து, சார்ஜிங் ஹேண்டிலை (போல்ட்டை இழுக்கும் கைப்பிடி) உருவி, முன்பக்கத்தைத் தூக்கினால் வந்துவிடும். சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்டிராக்டர் கொக்கிகளுக்கு அடியில் ஊசியால் கீறிப் பார்த்தோம், கருப்பாகப் பொருக்கு பெயர்ந்தது. இந்த ரைஃபிள் சுடும் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாவில், குண்டின் வெளிப்புறத்திலேயே மெழுகுப் பூச்சு உண்டு. அதோடு ஈயத்தூளும் எரியாத மருந்தும் பின்னால் அடித்து உள்ளே படியும். அதன் மேல் ஸ்ப்ரே எண்ணெய் அடித்தால் ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு எல்லாம் கோந்து. லிஃப்டர் சோம்பி, தோட்டா மேலே ஏறாமல் சிக்கும்.

இனி இலவசச் சேதாரம். இந்த ரிசீவரின் பின்பக்கம் மூடியிருப்பதால் சுத்தம் செய்யும் கம்பி குழல் வாய் வழியாகத்தான் போகும். கம்பியை நடுவில் நிறுத்தும் கைடு இல்லாமல் மூன்று துண்டு இரும்புக் கம்பியை விட்டு இழுத்திருக்கிறார்கள், கிரவுனில் (குழல் வாயின் விளிம்பு) ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. குறி சிதறுவதற்கு அது போதும். சேம்பரிலிருந்து வாய்ப்பக்கம் இழுக்கும் கயிற்று பிரஷ் இருக்க இந்த வேலை எதற்கு?

இரண்டாவது, தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்த்தது. சேம்பர் விளிம்பில் ஃபயரிங் பின் (தோட்டாவின் விளிம்பை அடிக்கும் ஊசி) பதிந்த பள்ளம். உள்பக்கம் பிசிர் தள்ளியிருப்பதால் சுட்ட கூடு பிடித்துக்கொள்கிறது. இதைச் சேம்பர் அயர்ன் என்ற கருவி வைத்து உலோகத்தை அழுத்தி இடத்துக்குத் தள்ள வேண்டும். அரம் போட்டாலோ ரீமரால் வெட்டினாலோ சேம்பர் பெரிதாகி, கூடு வீங்கும். வெறுமனே சுட்டுச் சோதித்துப் பார்க்க, தோட்டாவுக்குப் பதில் சேம்பரில் 4-6 எண், 7/8 அங்குல மஞ்சள் பிளாஸ்டிக் டிரைவால் ஆங்கர் (சுவரில் ஸ்குரூ பிடிக்க வைக்கும் செருகு) போதும். ஹார்டுவேர் கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது.

“ரீப்ளூயிங்கும் (உலோகத்துக்குக் கருநீல மெருகு மறுபடி ஏற்றுவது) சேர்த்துச் செய்துவிடலாம்” என்றார்களாம் அந்தக் கடையில். எஃகுக்கான சூடான ப்ளூயிங் தொட்டியில் காஸ்டிக் சோடா இருக்கும். அலுமினிய ரிசீவரை அதில் இறக்கினால் அரித்துத் தின்றுவிடும். அப்படிச் சொல்லும் கடையிலிருந்து ரைஃபிளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கொடுக்கும் முன் ஸ்குரூ தலைக்கும் பக்கத்து உலோகத்துக்கும் சேர்த்து நெயில் பாலிஷ் பொட்டு ஒன்று வையுங்கள். கழற்றினால் விரிசல் காட்டிக்கொடுக்கும். கழற்றிய பழைய பாகங்களைக் கவரில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முந்தைய .22களில் பலவற்றுக்குச் சீரியல் எண்ணே கிடையாது. உங்களுடையது அப்படியானால், ஸ்டாக்கின் கீறல்களோடு போட்டோ எடுத்து, அதையும் ரசீதோடு இணைக்கச் சொல்லுங்கள்.