லெட் ஆசிடா, லித்தியமா? வீட்டில் சார்ஜ் போடும் லோடு ஆட்டோக்காரர்களுக்கு

பரவை மார்க்கெட்டில் காய்கறி எடுத்து விளாங்குடி, சமயநல்லூர் பக்கத்துச் சின்னக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். முதலில் ஓட்டியது லெட் ஆசிட் பேட்டரி வைத்த கரண்ட் லோடு வண்டி. இரண்டு வருடம் கழித்து, போன சித்திரையில் அதைக் கொடுத்துவிட்டு கம்பெனியிலேயே லித்தியம் பொருத்தி வரும் வண்டிக்கு மாறினேன். என் ஓட்டு லித்தியத்துக்குத்தான். அதற்குக் காரணம் மைலேஜ் இல்லை.

விலை, எடை சமாச்சாரத்தை ஷோரூமிலேயே சொல்லிவிடுவார்கள். லெட் ஆசிட் விலை குறைவு, எந்த முக்கிலும் மெக்கானிக் கிடைப்பார், பழைய பேட்டரியைப் போட்டால் ஈயத்துக்குக் காசு தருவார்கள். லித்தியத்துக்குக் கைக்காசு கூடுதலாக இறக்க வேண்டும். ஆனால் எடை பாதிக்கும் கீழே, அந்த இடைவெளியில் ஒரு மூட்டை வெங்காயம் சேர்த்து ஏற்றலாம்.

நான் பார்ப்பது வேறு. விடிகாலை மூன்றரைக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்றால் சார்ஜ் ஏறுவது ராத்திரியில்தான். எல்லோரும் தூங்கும்போது அந்தப் பேட்டரியை யார் கவனிப்பது?

பழைய வண்டியில் ஒரு நாள் நடு ராத்திரி அம்மா எழுப்பினார். "தம்பி, கொட்டகைல இருந்து அழுகுன முட்டை வாடை வருதுடா." கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. லைட் சுவிட்ச் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டு, ஹாலில் இருக்கும், கொட்டகைக் கரண்டை நிறுத்தும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கினேன். கொட்டகைக் கதவை விரியத் திறந்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் நான்கு பேட்டரியில் ஒன்று மட்டும் பக்கவாட்டில் உப்பி, அப்போதும் கை வைக்க முடியாத சூடு. மூடியைத் திருகிப் பார்த்தால் பிளேட்டுக்கு மேல் சொட்டுத் தண்ணீர் இல்லை.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. 12 வோல்ட் பேட்டரி நான்கைக் கோத்தால் 48 வோல்ட். ஒவ்வொன்றிலும் 6 செல், மொத்தம் 24. சார்ஜர் பார்ப்பது இந்த 24 செல்லின் கூட்டு வோல்டேஜை மட்டும்தான். அது 58-ஐ நெருங்கினால்தான் சார்ஜர் அடங்கும். ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் அதன் 2 வோல்ட் கணக்கில் வராது. இன்னும் நிறையவில்லை என்று சார்ஜர் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். நல்ல செல்களும் கொதிக்கும், தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். லேசான வாயு என்பதால் தகரக் கூரைக்கு அடியில் போய்த் தேங்கும். எங்கள் கொட்டகையில் சுவிட்ச் போர்டும் பல்பும் இருந்தது அந்த உயரத்தில்.

லித்தியத்தில் நான் எடுத்தது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) ரகம். 16 செல். உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற போர்டு ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒரே ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டப் போனாலும், சூடு ஏறினாலும் சார்ஜை வெட்டிவிடும். ஒழுங்காக ஏறும்போது வாயு வராது, தண்ணீர் ஊற்றும் வேலையும் கிடையாது. எனக்கு இந்த ஒரு விஷயமே போதுமானதாக இருந்தது.

அதற்காக லித்தியம் என்று எழுதியதையெல்லாம் வாங்கிவிடக் கூடாது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கிய ஏஐஎஸ்-156 என்ற கரண்ட் வண்டி பேட்டரி பாதுகாப்பு விதிப்படி வந்ததா என்று கேளுங்கள். மலிவாகக் கோத்துத் தரும் டப்பாவில் போர்டு சரியில்லை என்றால் அதைவிட லெட் ஆசிட்டே மேல். உப்பின பேக், மழைத் தண்ணீரில் முங்கின பேக் எதையும் சார்ஜில் போடாதீர்கள். லித்தியத்தில் தீ பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. பழைய லெட் ஆசிட் சார்ஜர் பின் பொருந்தினாலும் மாட்டக் கூடாது. என் பழைய சார்ஜரை வண்டியோடு சேர்த்தே கொடுத்து அனுப்பினேன்.

லெட் ஆசிட்டிலேயே இருப்பவர்கள், பி.எம்.எஸ். செய்யும் வேலையைக் கையால் செய்ய வேண்டும். வாரம் ஒரு முறை, சார்ஜ் நிறைந்த பிறகு, ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை 24 செல்லிலும் விட்டுப் பாருங்கள். எல்லாம் 1.260, 1.280 என்று ஒட்டி நிற்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கி நின்றால் வில்லங்கம் அதில்தான். டிஸ்டில்டு வாட்டரும் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்னாலேயே ஊற்றலாம். ஆசிட் ஊற்றவே கூடாது. கூரைக்கு அடியில் காற்றுப் போக வழி விடுங்கள்.

பிளக் விஷயம் இரண்டுக்கும் பொது. வயரிங் செய்த தம்பி, "அண்ணே, மிக்ஸி பிளக்குல மாட்டாதீங்க, மணிக்கணக்கா ஓடுனா உருகிரும்" என்று சொல்லி 16 ஆம்ப் பிளக்கும் தனி எர்த்தும் கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி.யும் போட்டுக் கொடுத்தார். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டோம்.

ரீசேல் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். என் வண்டி பார்த்தது ஒரு கோடைதான், ஐந்தாறு வருடம் ஓட்டியவர் சொல்வதுதான் அதில் செல்லும்.

இப்போது மத்தியானம் மூன்று மணிக்கு வண்டியை வேப்ப மர நிழலில் விடுகிறேன். சூடு இறங்கின பிறகு ஆறு மணிக்குச் சார்ஜ். இதற்கு நான்கு மணி நேரம் போதும். பழசுக்கு ஒன்பது, பத்து ஆகும். பத்து மணிக்குப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் படுக்கிறோம்.