அப்டேட்டுக்குப் பிறகு ஸ்கிரீன் கோளாறா? "கார்டு போச்சு" என்று சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

மார்த்தாண்டம் பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஒரு ஸ்டூடியோ. அங்கிருந்த கம்ப்யூட்டரிலிருந்து பழுதே இல்லாத ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் பழைய ஜிடி 730 ஒன்றைச் செருகி, அதற்கு 6,500 ரூபாயும் வாங்கியிருக்கிறது ஒரு சர்வீஸ் கடை. நாகர்கோவில், தக்கலை, கருங்கல், குளச்சல் என்று குமரி மாவட்டத்தில் எங்கே கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கொடுப்பவரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு கார்டில் இல்லவே இல்லை. விண்டோஸ் அப்டேட்டின்போது டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், பாதியில் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் சரிசெய்திருக்கலாம்.

சாயங்காலம் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மழையோடு கரண்ட் போயிருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி பலவீனமாக இருந்ததால் மெஷினும் கூடவே அணைந்துவிட்டது. மறுபடி ஆன் செய்தால் ஐகான்கள் எல்லாம் பெரிது பெரிதாக, ரெசல்யூஷன் 1024 × 768-ல் நின்றது. இரண்டாவது மானிட்டர் இருட்டு. விண்டோவைப் பிடித்து இழுத்தால் கோடு கோடாக விட்டு விட்டு நகர்ந்தது. முகூர்த்த சீசன், ஆல்பம் கொடுக்க வேண்டிய அவசரம். கடைக்குக் கொண்டுபோனதும், "அண்ணே, கார்டு அடிச்சுப் போச்சு பாத்துக்கிடுங்க. வேற போட்டாத்தான் பெட்டி ஓடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டில் தொகை மட்டும். பழைய கார்டைக் கேட்டதற்கு ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடைக்கு) போட்டாச்சு என்று பதில்.

கார்டு வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி ஸ்டூடியோவில் பத்திரமாக இருந்தது. அதில் சீரியல் நம்பரும் இருந்தது. அந்த நம்பரைச் சொல்லி, எழுத்து மூலம் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்ன பிறகு, ஆக்கருக்குப் போன கார்டு திரும்பி வந்தது. அதையே மறுபடி செருகி, டிரைவரைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டதும் இரண்டு மானிட்டரும் பழையபடி எரிந்தன. கடை ஃபார்மட் செய்யாமல் விட்டதால் ரெக்கார்டும் அப்படியே இருந்தது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடினால் நாள்வாரியாக ஒரு பட்டியல் வரும். அதே சாயங்காலம் டிஸ்ப்ளே டிரைவர் அப்டேட் தோல்வி அடைந்தது என்று அதில் பதிவாகியிருந்தது. கடைக்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தாலே போதும்.

ஜிடிஎக்ஸ் 1650-ஐ எடுத்துவிட்டு ஜிடி 730 போடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜிடி 730 வந்தது 2014-ல். அதில் கெப்ளர் என்ற சிப் தலைமுறையில் வந்த கார்டுகளுக்குப் புதிய டிரைவர் தருவதை, சிப்பைத் தயாரிக்கும் என்விடியா கம்பெனி 2021-லேயே நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-ல் முடிந்தன. அதே ஜிடி 730 பெயரில் வந்த ஃபெர்மி தலைமுறை இன்னும் பழசு. இன்றைய போட்டோஷாப் கேட்கும் டைரக்ட்எக்ஸ் 12 நிலையை அந்தக் கார்டால் தர முடியாது. அதனால் ஸ்கிரீன் தெரியும், ஆனால் கார்டை நம்பி ஓடும் ஃபில்டர்களும் ஜூமும் முடங்கிக் கிடக்கும். ஸ்டூடியோக்காரருக்குச் சந்தேகம் வந்ததே அங்கேதான்.

அப்டேட்டால் ஸ்கிரீன் ஏன் கெடுகிறது? விண்டோஸ் அப்டேட் சிஸ்டத்தை மட்டும் புதுப்பிப்பதில்லை, டிஸ்ப்ளே டிரைவரையும் சேர்த்தே அனுப்பும். அது சில சமயம் நீங்கள் கம்பெனி தளத்திலிருந்து எடுத்துப் போட்ட டிரைவரின் மேல் வேறொரு பதிப்பைப் போட்டுவிடும். பாதியில் கரண்ட் போனால் இரண்டும் இல்லாமல் ஆகலாம். அப்போது விண்டோஸ் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற அவசரகால டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். படம் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. குறைந்த ரெசல்யூஷன், ஒற்றை மானிட்டர், இழுத்தால் விட்டு விட்டு நகரும் விண்டோ எல்லாம் அதனால் வருபவை. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பாருங்கள். கார்டின் பெயருக்குப் பதிலாக இந்தப் பெயர் இருந்தால் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான் விழ வேண்டும்.

கார்டின் மேல் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43' என்ற வாசகமும் வந்தால் அதையே ஆதாரமாகக் காட்டிக் காசு கேட்பவர்கள் உண்டு. கோட் 43 டிரைவர் கெட்டாலும் வரும், கார்டு கெட்டாலும் வரும். அதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வரும் 4101, அதாவது டிரைவர் நின்று மீண்டது என்ற பதிவும் அப்படித்தான்.

தீர்ப்புச் சொல்லக்கூடிய சோதனைகள் வேறு. இவற்றைக் கடையில் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். எதற்கும் காசு ஆகாது.

முதலாவது, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே மதர்போர்டின் சொந்த ஸெட்டிங்ஸ் பக்கமான பயாஸுக்குள் போவது. ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் திறக்கும். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. கோளாறு இருக்கும் அதே மானிட்டரிலேயே பாருங்கள். பத்து நிமிடம் விட்டாலும் பயாஸ் பக்கம் தெளிவாக நின்றால், கார்டு செத்துப்போச்சு என்ற பேச்சுக்கு இடமில்லை. பாரம் கொடுத்தால் மட்டும் தடுமாறும் கார்டுகளும் உண்டு என்பது உண்மைதான். அதனால்தான் டிரைவரைச் சுத்தமாகப் போட்டுப் பார்க்காமல் கார்டை மாற்றக் கூடாது. மாறாக, பயாஸிலேயே வண்ணப் புள்ளிகளும் சதுரம் சதுரமான கறையும் தெரிந்தால் கோளாறு ஹார்டுவேரில்தான்: கேபிள், மானிட்டர், கார்டு மூன்றில் ஒன்று.

அந்த மூன்றில் எது என்று பிரிக்க, மானிட்டரின் சொந்த மெனுவைத் திறங்கள். பிரைட்னஸ் மாற்றும் அந்தப் பெட்டியை மானிட்டரே வரைகிறது, கம்ப்யூட்டர் அல்ல. மெனுவின் மேலும் கோடு ஓடினால் பேனல் கோளாறு. மெனு சுத்தமாக இருந்து பின்னால் உள்ள படம் மட்டும் ஆடினால் கேபிளையும் கார்டையும் பாருங்கள். விண்டோஸுக்குள் இருக்கும்போது கோடு தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போனுக்கு அனுப்பிப் பார்க்கலாம். போனிலும் கோடு இருந்தால் அது கார்டு அல்லது டிரைவரில் உண்டானது. போனில் படம் சுத்தமாக இருந்தால் கோளாறு படம் உருவான பிறகு, கேபிளிலோ மானிட்டரிலோ, கார்டின் போர்ட்டிலோ இருக்கிறது. கார்டையே மாற்றச் சொல்வதற்கு முன் வேறொரு எச்டிஎம்ஐ கேபிளைப் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேபிள் பின்பக்கம் மதர்போர்டில் செருகியிருக்கிறதா கார்டில் செருகியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். துடைக்கக் கழற்றியவர்கள் மாற்றிச் செருகுவது அடிக்கடி நடக்கிறது. ப்ராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கும் இன்டெல் வகைகளில் மதர்போர்டு போர்ட்டில் படமே வராது.

இனி வீட்டிலேயே செய்யக்கூடியது. ஸ்கிரீன் திடீரென்று கறுத்தாலோ உறைந்தாலோ விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி நான்கு கீயையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு பீப் சத்தத்தோடு டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. மினுக்கிக்கொண்டே இருந்தால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிரைவர். அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு புரோகிராம். குரோமில் மட்டும் மினுக்கல் என்றால் அதன் ஸெட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள்.

டிரைவர்தான் என்று தெரிந்தால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும். அழுத்த முடிந்தால் அதுவே சுலபமான வழி. மங்கிக் கிடந்தால் பழைய டிரைவர் மிச்சமில்லை என்று அர்த்தம். அப்போது கார்டு கம்பெனி தளத்திலிருந்து சரியான டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு (இல்லையென்றால் இடையில் விண்டோஸ் தன் டிரைவரைப் போட்டுவிடும்), ஸேஃப் மோடில் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற இலவச மென்பொருளால் பழையதை வேரோடு எடுங்கள். பிறகு சாதாரணமாக ஏறிப் புதியதைப் போடுங்கள். போட்டோ, வீடியோ வேலைக்கு என்விடியாவில் ஸ்டூடியோ டிரைவர் நல்லது. ஸேஃப் மோடுக்கு, ஷிப்டைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் ஸெட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், பிறகு 4 கீயை அழுத்துங்கள். விண்டோஸே ஏறவில்லை என்றால் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது, கடைசி அப்டேட்டை அங்கிருந்தே எடுக்கலாம். பெரிய ஃபீச்சர் அப்டேட் என்றால் சாதாரணமாக 10 நாளுக்குள் மட்டுமே பின்னால் போக முடியும்.

இதில் இறங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். விண்டோஸ் 11-ல் பல மெஷின்களில் டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கும். மேலே சொன்ன ட்ரபிள்ஷூட் நீலப் பக்கங்களுக்குள் போனால் 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்துப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கீ இல்லாமல் மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறவர்களிடம்தான் "ஃபார்மட் பண்ணாம வழியில்லை" என்கிறார்கள். ஃபார்மட் செய்தால் ஆல்பமும் போகும், மேலே சொன்ன ஆதாரப் பதிவும் போகும்.

ஸ்டூடியோக்காரர்களுக்கு இன்னொன்று. டிரைவர் மாறியதும் கறுப்பு சாம்பலாகி, படம் வெளிறித் தெரிந்தால் மானிட்டர் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பக்கத்தில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் 'லிமிடெட்' ஆகியிருக்கும். 'ஃபுல்' ஆக்கினால் நிறம் திரும்பும். மானிட்டரின் கலர் ப்ரொஃபைலும் விட்டுப்போயிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

உண்மையிலேயே கார்டு கெடுவதும் உண்டு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஈரமும் சேர்ந்து கார்டின் தங்க நிற விளிம்பிலும் ரேம் விளிம்பிலும் படலம் படியும். அப்டேட் முடிந்து மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்போது இந்தக் கோளாறும் தற்செயலாக வெளிப்பட்டு அப்டேட் மேல் பழி விழலாம். அப்போதும் முதல் வேலை மாற்றுவதல்ல. பவர் கார்டைக் கழற்றி, பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கி, ஸ்லாட்டின் கொக்கியை விடுவித்துக் கார்டை எடுங்கள். விளிம்பை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். விசிறி சுற்றுகிறதா, தனிப் பவர் ஒயர் வேண்டிய கார்டுக்கு அது செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் பயாஸில் கறை தெரிந்து, வேறு கேபிளிலும் வேறு மானிட்டரிலும் அப்படியே வந்தால் அது செத்த கார்டு. அதையும் வாரண்டி பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள். பல கம்பெனிகள் கார்டுக்கு 3 ஆண்டு தருகின்றன.

கடையில் கொடுக்கும் முன் பக்கத் தகட்டைத் திறந்து கார்டு, ரேம், எஸ்எஸ்டி ஸ்டிக்கர்களின் சீரியல் நம்பர் தெரியும்படி போட்டோ எடுங்கள். ஜாப் ஷீட்டில் அந்த நம்பர்களை எழுதி வாங்குங்கள். "ஃபார்மட் வேண்டாம், பழைய பாகம் திரும்ப வேண்டும், செலவைச் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகே மாற்ற வேண்டும்" என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் மெஷினை விடாதீர்கள். நேர்மையாக வேலை செய்யும் டெக்னீஷியன்கள் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

புதுக் கார்டு போட்டே ஆக வேண்டும் என்றால், வாங்கியதும் ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும் போலிக் கார்டுகள் சந்தையில் வந்திருக்கின்றன. டிவைஸ் மேனேஜர் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியு-இஸட் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுக் காட்டிவிடும்.

ஏமாந்தாயிற்று என்றால் சும்மா விடாதீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கடை திருவனந்தபுரத்திலோ பாறசாலையிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். துண்டுச் சீட்டு, ஜிபே பதிவு, கார்டு பெட்டியின் சீரியல் நம்பர், ரிலையபிலிட்டி ஹிஸ்டரி பக்கத்தின் போட்டோ, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். அந்த ஸ்டூடியோவின் 6,500 ரூபாய் இன்னும் திரும்ப வரவில்லை. இதே காகிதங்களை வைத்துத்தான் 1915-ல் புகார் பதிவாகியிருக்கிறது.