220 கிராம் கூடுதல் சுமையா, காப்பீடா?

அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கம் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம் ஸ்கோப், அதாவது ரைபிள் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி, பற்றிப் பேச்சை எடுத்தால் இரண்டு கட்சி ஆகிவிடும். லியூபோல்ட் விஎக்ஸ்-3எச்டி 3.5-10×40 ஏறக்குறைய 370 கிராம், ஒரு அங்குல ட்யூப். நைட்ஃபோர்ஸ் எஸ்எச்வி 3-10×42 சுமார் 590 கிராம், 30 மி.மீ. ட்யூப். உருப்பெருக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணீரின் எடை.

லென்ஸ், வெளிச்சம் இரண்டிலும் குறையில்லை, அதை விடுங்கள். விஷயம் உள்ளே இருக்கிறது. ஸ்கோப்புக்குள் ஒரு சின்னக் குழாய் உண்டு. ஒரு பக்கம் ஸ்பிரிங் தள்ள, மறுபக்கம் டரட் திருகுகள் (குறியைச் சரிசெய்யத் திருப்பும் குமிழ்கள்) அதைத் தாங்கிப் பிடிக்கும். இந்தப் பிடி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஜீரோ, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி செய்துவைத்த அமைப்பு, போய்விடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

லியூபோல்ட் தன் ஸ்கோப்பை .308 தோட்டா ரைபிளின் பின்னுதைப்பைப் போல மூன்று மடங்கு விசையில் 5,000 முறை உதைத்துப் பார்ப்பதாகச் சொல்கிறது. நல்ல சோதனைதான். ஆனால் பாறையில் வழுக்கி விழும்போதும், குதிரைச் சேணத்து உறையில் ரைபிள் இடிபடும்போதும் அடி பக்கவாட்டில் வருகிறது. எஸ்எச்வியின் கூடுதல் எடை போவது இந்த மாதிரி முரட்டு அடிக்குத்தான்.

கணக்கு எளிது. இரண்டு எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) பிசகினால் 100 கஜத்தில் 5 செ.மீ. விலகும், மான் விழுந்துவிடும். அதே பிசகு 300 கஜத்தில் 16 செ.மீ. ஆகும்போது குண்டு நுரையீரலைத் தாண்டிப் போகும், காயம்பட்ட மிருகம் ஓடி மறையும். அதனால் அடர்ந்த காட்டில் நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள் சுடுகிறவருக்கு லியூபோல்டே போதும். துப்பாக்கி கையில் பாரமாகத் தெரியாது, சட்டென்று தோளில் ஏறும்.

வேடிக்கை என்னவென்றால், எடையை எண்ணி எண்ணிக் குறைப்பவர்கள் மலையேறுகிறவர்கள். கீழே விழுவதும் தூரத்தில் சுடுவதும் அவர்கள்தான். போதாக்குறைக்கு அவர்களுடைய ரைபிளும் இரண்டரை கிலோ. துப்பாக்கி லேசாக ஆக ஆக உதை கூடும், அதை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்கோப். அதனால் மலைக்கு என் ஓட்டு எஸ்எச்விக்கே. கிராம் குறைக்கத்தான் வேண்டும் என்றால் ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்துவைக்கும் எஃகு ரிங்கை எடுத்துவிட்டு நல்ல அலுமினிய ரிங் போடலாம். ஆனால் கனமான ஸ்கோப் ரிங்கை அதிகமாக இழுக்கும், அதனால் திருகுகளை டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) வைத்தே முடுக்க வேண்டும்.

உருப்பெருக்கம் மாறாத ஆறு மடங்கு ஸ்கோப் என்று மூன்றாவது வழியும் இருக்கிறது. லியூபோல்ட் முன்பு தயாரித்த எஃப்எக்ஸ்-2 6×36 முந்நூறு கிராமுக்கும் கீழே. உள்ளே அசையும் பாகமும் குறைவு. ஏனோ இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

எதை வாங்கினாலும் சரி, உபரியாக நாலைந்து தோட்டா எடுத்துப் போங்கள். துப்பாக்கி விழுந்தால் மானைத் தேடும் முன் ஒரு அட்டையைக் குறிவைத்துச் சுட்டுப் பார்க்க அவை வேண்டும்.