காரைக்குடியில் ஒரு வண்ணப் பென்சில் வகுப்பு: உருவம் வரையத் தொடங்குபவர்களுக்கு

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடொன்றின் வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், சனிக்கிழமை காலைகளில் நடக்கும் வண்ணப் பென்சில் வகுப்புக்கு மூன்று மாதங்களாகப் போய் வருகிறேன். பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நடத்துகிறார். முதல் ஒரு மணி நேரம் வரைவதற்கு. அடுத்த ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில் வரைந்து கொண்டு வந்த படத்தைப் பார்த்து அவர் கருத்துச் சொல்வதற்கு. அந்த இரண்டாவது மணி நேரத்துக்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைக்கிறேன்.

நான் முதலில் கொண்டு போனது, கண்டாங்கிச் சேலை கட்டித் திண்ணையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவும் எங்கள் அப்பத்தாவின் படம். வீட்டில் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். அன்போடு சொன்னதுதான், ஆனால் அடுத்த படத்தில் எதை மாற்றுவது என்பதற்கு அதில் வழி இல்லை. ஆசிரியர் படத்தை ஒரு முக்காலியில் சாய்த்து வைத்து, என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம், "ஆச்சி, குனிஞ்ச கழுத்து சரியா வந்திருக்கு, அதைத் தொடாதீங்க. சேலையை மட்டும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியின் கட்டங்களை, கணக்கு நோட்டில் கோடு போட்டதுபோல இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே நேராக இழுத்திருந்தேன். உடம்பு எங்கே உருள்கிறதோ அங்கே கட்டமும் வளைய வேண்டும். முழங்காலின் மேல் அகன்று, அதன் ஓரம் திரும்பும் இடத்தில் குறுகி, மடிப்புக்குள் போய் மறைந்து, அடுத்த மடிப்பில் சற்று விலகித் தொடங்க வேண்டும். அவர் என் படத்தின் மேல் ஒரு கோடும் போடவில்லை. டிரேசிங் தாளை அதன் மேல் விரித்து, முழங்காலைச் சுற்றி ஐந்தாறு வளைகோடுகள் மட்டும் போட்டுக் காட்டினார். நிழல் எதுவும் தீட்டாமலேயே அந்தக் கோடுகளுக்குள் ஒரு முழங்கால் எழுந்து நின்றது. பிறகு சுவரில் தொங்கிய, ஓவியர் ரவி வர்மாவின் அச்சுப் படத்தைக் காட்டி, அதில் சேலையின் கரை எங்கெல்லாம் வளைகிறது என்று விரலால் தொடர்ந்து பார்க்கச் சொன்னார். 1894-இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகத்தின் படங்களைப் பிறந்ததிலிருந்து எங்கள் பக்கத்து வீடுகளில் பார்த்து வருகிறேன். அன்றுதான் பாடமாகப் பார்த்தேன்.

ஒருவருக்கு ஒரு வாரத்தில் இரண்டு திருத்தங்களுக்கு மேல் அவர் சொல்வதில்லை, அதிலும் அமைப்பைச் சரிசெய்த பிறகுதான் நிறத்துக்கு வருகிறார். அளவு தவறிய உருவத்தின் மேல் எத்தனை அழகாக ஷேடிங் செய்தாலும் அந்த உழைப்பு வீண் என்பதால் இந்த வரிசை எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. வளர்ந்தவர் ஒருவரின் உயரம் அவர் தலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு என்பதையும், உட்கார்ந்தவரின் தொடை நம்மை நோக்கி நீளும்போது அதன் உண்மையான நீளத்தைப் போடாமல் கண்ணுக்குத் தெரியும் நீளத்தையே போட வேண்டும் என்பதையும், கையை நீட்டிப் பென்சிலால் அளந்து காட்டிச் சொல்லித் தருகிறார்.

நிறத்தில் என் பிழை, டப்பாவில் இருந்த வெளிர் ரோஜாப் பென்சிலைத் தோல் நிறம் என்று நம்பியதும், நிழலுக்குக் கறுப்பை எடுத்ததும். அப்பத்தாவின் முகம் கரி பூசியதுபோல் ஆகியிருந்தது. காவி மஞ்சளை மெல்லப் பரப்பி, அதன் மேல் செம்பழுப்பு, நிழல் விழும் இடத்தில் கரும்பழுப்போடு சிறிது ஊதா என்று அழுத்தாமல் அடுக்கச் சொன்னார். தாடைக்குக் கீழே சேலையின் அரக்குச் சிவப்பையும் லேசாகச் சேர்த்தபோதுதான் முகமும் உடையும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதாகத் தோன்றியது. தொடக்கத்திலேயே அழுத்தித் தேய்த்தால் தாளின் சொரசொரப்பை மெழுகு அடைத்துவிடும், பிறகு எந்த நிறமும் மேலே ஒட்டாது.

குறைகளும் உண்டு. கட்டணத்தோடு தரும் பென்சில் பெட்டி கெட்டியான, நிறச்செறிவு குறைந்த ரகம். மூன்றாவது அடுக்கிலேயே வழுக்குகிறது. தாளும் மெலிது. பெரிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஃபேபர் காஸ்டெல் பாலிகுரோமோஸ் போன்ற எண்ணெய் கலந்த பென்சில்களில் பத்துப் பன்னிரண்டு நிறங்களைத் தனித்தனியாக வாங்கிக்கொண்டு, சற்றுச் சொரசொரப்பான கனத்த தாளையும் எடுத்துப் போனால் அவர் சொல்வதைச் செய்து பார்க்க முடியும்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. எல்லோரும் செல்பேசிப் படத்தைப் பார்த்தே வரைகிறோம். பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் முழங்காலும் கைகளும் பெரிதாகவும், பின்னால் இருக்கும் தலை சிறிதாகவும் விழுகின்றன. அந்தப் பிழையைத்தான் நாங்கள் உண்மையாக நகலெடுக்கிறோம். வாரம் இருபது நிமிடமாவது எங்களில் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து நேரில் பார்த்து வரையச் செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். பதினாறு பேர் இருப்பதால் கடைசியாகப் படம் காட்டுபவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை; சீக்கிரம் போய் முன்வரிசையில் உட்காருங்கள்.

அப்பத்தாவை இப்போது மூன்றாம் முறையாக வரைந்துகொண்டிருக்கிறேன். கட்டங்கள் வளைகின்றன, முகத்தில் கரி இல்லை. கீரை உருவும் விரல்கள்தான் இன்னும் குச்சிகளாகவே நிற்கின்றன. விரல் விரலாகப் பிரிக்காமல், முதலில் கையுறை போட்டதுபோல் முழுக் கையையும் ஒரே வடிவமாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். இந்தச் சனிக்கிழமை அதைத்தான் எடுத்துப் போகிறேன்.