காகத்துக்கு இரண்டு பக்கம்: ஒரு ஏ5 வாட்டர்கலர் நோட்டு

தினம் ஒரு பறவை வரைவது என்று ஆரம்பித்ததில் இது மூன்றாவது நோட்டு. மூன்றும் ஒரே ரகம்: ஏ5 அளவு, படுக்கைவாட்டில் திறப்பது, 200 ஜிஎஸ்எம் தாள் (ஒரு சதுர மீட்டர் தாள் 200 கிராம் எடை), 64 பக்கம், நூல் தைத்த பைண்டிங். கம்பெனி பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

இதை வாங்கியது தாளுக்காக இல்லை, அளவுக்காக. பறவையை நிஜ அளவிலேயே வரைய எனக்கு ஒரு ஆசை. பக்கத்தின் அகலம் 21 சென்டிமீட்டர். சிட்டுக்குருவி அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய 15, தாராளமாக உட்காரும். தேன்சிட்டு 10தான், பக்கத்திலேயே இன்னொரு கோணமும் போட்டுப் பார்க்கலாம். மைனா 23. ஆனால் இந்த அளவெல்லாம் பறவையை நீட்டிப் படுக்கவைத்து எடுப்பது. கூன்போட்டு உட்கார்ந்த மைனா ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். வீட்டுக் காகம் சுமார் 40. நோட்டை விரித்தால் 42! அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஸ்பைரல் நோட்டாக இருந்தால் காகத்தின் வயிற்றில் கம்பி ஓடியிருக்கும். இது தட்டையாக விரிகிறது. நடு மடிப்பில் தண்ணீர் இறங்கி அடுத்த தாளைத் தொடும், அங்கே மட்டும் பிரஷ்ஷை ஒத்தி எடுத்துக்கொண்டு பூச வேண்டும். (காகத்துக்குக் கறுப்பு ட்யூபைத் திறக்காதீர்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் வரும் கறுப்பில் உயிர் இருக்கும்.)

தாள் பருத்தி இல்லை, மரக்கூழ். முதல் பூச்சு அழகாக நிற்கிறது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது போட்டால் அடியில் இருக்கும் வண்ணம் கிளம்பி வந்து எல்லாம் சேறு. அதைவிட மோசம் ரப்பர். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலே தாள் பஞ்சு பஞ்சாக எழும்பும், அப்புறம் அந்த இடம் வண்ணத்தை உறிஞ்சிக் கறுத்துப்போகும். முதல் நோட்டில் கால்களைத்தான் அதிகம் அழித்தேன். பின்பக்கம் மடங்கும் முழங்கால் என்று நாம் நினைப்பது பறவையின் கணுக்கால். நிஜ முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. அது தெரியாமல் தேய்த்துத் தேய்த்து வரைந்ததில் என் குருவிகள் பாதி பஞ்சுமேல் நிற்கின்றன. இப்போது பிசைகிற ரப்பரால் ஒற்றி எடுப்பதோடு சரி.

தாளின் நிறம் லேசான கிரீம். குருவியின் பழுப்புக்கு அது அருமையாகச் சேர்கிறது. மீன்கொத்திக்கு ஒத்துவரவில்லை. அதன் முதுகில் நீலச் சாயம் எதுவும் கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தெரியும் நீலம் அது. அந்தப் பளிச்சைக் கொண்டுவர அடியில் வெள்ளைத் தாள் வேண்டும். இதில் என் நீலம் கொஞ்சம் பச்சையடிக்கிறது. கொக்கு இன்னும் சிரமம். சுற்றிலும் சாம்பல் பூசி, மேலே வெள்ளை குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) வைத்தால்தான் கொக்காகத் தெரிகிறது.

இரண்டாவது நோட்டின் எலாஸ்டிக் ஒரே மாதத்தில் தொங்கிவிட்டது. பெரிய விஷயமில்லை.

அடுக்கடுக்காகப் பூசி நிதானமாக முடிக்கிறவர்கள் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளுக்குப் போய்விடுங்கள். நான் பென்சில், ஒரு பூச்சு, மிஞ்சினால் இரண்டு, இருபது நிமிடத்தில் மூடிவைக்கிற ஆள். நான்காவதும் இதேதான், வாங்கி வைத்தாயிற்று. சாம்பல் நாரை மட்டும் ஒரு மீட்டருக்குக் கிட்டே வருகிறது. இப்போதைக்கு அதற்குத் தலையும் அலகும்தான்.